"ரீச்சர், இது ஆற்ர கார்?"

கடந்த மாதம் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு வானில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிக்குப் போனோம். சங்கானை, மானிப்பாய், யாழ் நகரம் தாண்டி ஏ9 வீதிப் பாலத்தைக் கடந்தால் சிவபூமி அரும்பொருட் காட்சியகம். ஆறு. திருமுருகன் ஐயாவின் முயற்சியில் சிவபூமி அறக்கட்டளை அமைத்து, 2020 ஜனவரியில் திறந்து வைத்தது. பித்தளைப் பாத்திரங்கள், நாணயங்கள், பழைய வீட்டுப் பாவனைப் பொருட்கள் என்று ஊர் ஊராகச் சேர்த்தவை. ஆனால் பிள்ளைகள் முதலில் ஓடியது பழைய கார்களிடம்தான்.

ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், இது ஆற்ர கார்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று முழுவதும் அந்தக் கேள்வி எங்களோடு நடந்தது.

யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் உண்டு. 1950களில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற ஆங்கிலேயக் கார்கள் இங்கே வந்து இறங்கின. வைத்தியர், புறக்டர், பெரிய கடை முதலாளி என்று வாங்கினார்கள். பிறகு அவை வாடகைக் கார்களாகின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. புதிது வராதபோது பழையதைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வழியில்லை. 1977இல் இறக்குமதி திறந்து ஜப்பான் வாகனங்கள் வந்தன. சில வருடங்களில் யுத்தமும் வந்தது. கொழும்பில் ஒஸ்ரின் பழைய இரும்பாகிக்கொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அது மாப்பிள்ளை ஏறும் காராகவே இருந்தது.

காரின் இலக்கத் தகட்டிலும் சரித்திரம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957இல் அதன் இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. வாகனங்களில் அந்த எழுத்தை அழித்துத் தமிழில் 'ஸ்ரீ' எழுதினார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை ஒரு தகரத் துண்டைக் காட்டி விளக்கியபோது பிள்ளைகள் கண் வெட்டாமல் கேட்டார்கள்.

எங்களோடு வந்த பண்டத்தரிப்பு ஆசிரியர் ஒருவர் மண்ணெண்ணெய்க் கதையைத் தொடங்கினார். 1990இலிருந்து பெற்றோல், மின்கலம், சவர்க்காரம் என்று எல்லாவற்றுக்கும் பொருளாதாரத் தடை. மின்சாரமும் இல்லை. அப்போது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. ஆகவே பொன்போல வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. அதனால்தான் அவை அதைத் தாங்கின. பின்னால் வருபவன் புகையில் இருமிக்கொண்டு வருவான் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டதையும், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்ததையும் சொன்னார்.

எங்களுக்கு அந்தக் கதை செவிவழிதான். அந்த நாட்களில் நாங்கள் இங்கே இல்லை.

1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். உடுதுணியும் கொஞ்சப் பணமும்தான் கொண்டுபோகலாம். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 75,000 பேரளவில். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் தங்கினார்கள். எங்கள் தலைமுறை வளர்ந்தது அங்கேதான்.

அதைச் சொன்னதும் அந்த ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கும் அதே திகதிதான்" என்றார். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினார்கள். மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. காலையில் நாங்கள் வானில் கடந்த அதே இடம். இரண்டு இழப்பும் ஒன்றல்ல. அவர்களில் பலர் அடுத்த வருடமே வீடு திரும்பினார்கள். எங்களில் பலருக்கு இருபது வருடம் சென்றது, திரும்பாதவர்களே அதிகம். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று வாசலில் தடுமாறி நின்றது இருவருக்கும் பொது.

உள்ளே மூக்குப்பேணியையும் செம்பையும் பார்த்தபோது சோனகர் தெரு வீடுகளை நினைத்தோம். அங்கும் இதே செம்பு இருந்தது. கந்தூரிக்குச் சோறு போடும் பெரிய சஹன் இருந்தது. குர்ஆன் வைத்து ஓதும் மர ரஹல் இருந்தது. எங்கள் ஆட்கள் லொறி ஓட்டினார்கள், தையல் கடை வைத்தார்கள், இரும்பு வியாபாரம் செய்தார்கள். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர். யாழ்ப்பாணத்தின் கதையில் நாங்களும் உண்டு. காட்டுவதற்குத்தான் பொருள் குறைவு.

இரும்புக் கடைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும். கடையில் பொருளுக்கு நிறைதான் விலை. பித்தளைச் செம்பு தராசில் ஏறினால் அது வெறும் பித்தளை. யார் வீட்டுச் செம்பு, எந்தக் கலியாணத்துக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டு எழுதி வைத்தால்தான் அது சரித்திரம். 1981இல் யாழ் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்தன. பெரிய இடத்தில் இருப்பது மட்டும் பத்திரம் அல்ல என்று இந்த ஊருக்கு அதற்குப் பிறகும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலும் ஒரு பதிவு இருக்க வேண்டும்.

எங்கள் உம்மம்மாவின் சின்ன வெற்றிலை உரல் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அன்று வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், பதற்றத்தில் உடுப்புப் பொட்டலத்துக்குள் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார். புத்தளத்தில் பொட்டலத்தை அவிழ்த்தபோதுதான் கண்டாராம். அவர் மௌத்தான பிறகு யாரும் வெற்றிலை போடுவதில்லை. போன வருடம் வீடு துப்புரவாக்கும்போது அதைப் பழைய இரும்போடு போடப் பார்த்தோம்!

நாவற்குழியால் வந்த இரவே ஒரு கடதாசியில் நாலு விடயம் எழுதினோம்: பொருளின் பெயர், யாருடையது, எந்தக் காலம், எங்களிடம் எப்படி வந்தது. அதை உரலுக்குள் மடித்து வைத்தோம். பிள்ளைகளுக்கும் அதையே வீட்டுவேலையாகக் கொடுத்தோம். அடுத்த கிழமை கார் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை, புகை படிந்த ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்தாள். அம்மம்மாவின் அலுமாரிக்கு மேலே கிடந்ததாம். கூடவே ஒரு துண்டு: "இது என் அம்மா படித்த விளக்கு."

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதைப் பற்றிச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.