பழவேற்காட்டுப் பாடும் இளங்கோவன் உரையாடலும்

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் சிற்றூர்களில் வழக்குச்சொற்களைத் தொகுத்து வந்தபோது, ஊர்க்கூட்டம் ஒன்றில் யாம் கேட்ட உரையே இக்கட்டுரைக்கு வித்து. அவ்வேரியில் வலையிடும் உரிமை ‘பாடு’ என்னும் முறையால் வரையறுக்கப்படுவது. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடலாம் என்பதை ஊரே முடிவு செய்யும். தம் முறை தவறியதென முறையிட வந்த முதியவர் ஒருவர், வலையையும் இறாலையும் பற்றி ஊர்ப்பேச்சிலேயே கூறி வந்தவர், நீதி கேட்குமிடத்து மட்டும் செந்தமிழுக்கு மாறினார். எங்குக் கற்றீர் என வினவினோம். சிலம்பு படித்ததில்லை, கொட்டகையில் ‘கண்ணகி’ படத்தைப் பல்கால் பார்த்ததுண்டு என்றார்.

அப்படம் 1942இல் ஜுபிடர் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. அதன் உரையாடலை எழுதியவர் இளங்கோவன். தணிகாசலம் என்பது இயற்பெயர். ‘மணிக்கொடி’யில் சிறுகதை எழுதியவர். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ முதலாகத் தொடக்ககாலப் பேசும்படங்களில் பாட்டே மிகுதி. பேச்சு நாடகமேடையின் எச்சம். 1937இல் வந்த ‘அம்பிகாபதி’யில்தான் உரையாடல் தனக்கென ஓர் ஓசை பெற்றது. ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ ஆகியன பின்வந்தவை.

‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அவ்வறியாமையே ஈண்டு நன்மையாயிற்று போலும். சொல்லின் பொறுப்பு எழுத்தாளரிடமே தங்கிற்று. அவர் நாட்டு ஹாலிவுட்டிலோ, ஒருவர் எழுதியதைப் பிறர் மாற்றி எழுதுதலும், எழுதியவர் பெயர் விடுபடுதலும் இயல்பாயிருந்தன. 1933இல் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் கண்டமைக்கு ஊதியக் குறைப்போடு இதுவும் ஒரு காரணமாம். அதே டங்கன் 1950இல் மு. கருணாநிதியின் உரையாடலோடு ‘மந்திரிகுமாரி’யை இயக்கினார். திரையின் செந்தமிழ் வசனத்தை அவ்வாண்டளவில் தோன்றியதாகக் கொள்வார், இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் கேட்டல் வேண்டும்.

இளங்கோவன் நடை குறையற்றதன்று. காதற்காட்சிகளில் அணி மிகுந்து தளர்கிறது. காதலர் சொற்போர் புரிவார்போற் பேசுகின்றனர். வழக்குரைக்குமிடத்தே அது நிமிர்கிறது. நம் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் அவரைக் கதைஞர் வரிசையில் ஒரு பெயராகக் குறித்துக் கடக்கின்றன. அச்சேறியது இலக்கியம், திரையேறியது தொழில் என்னும் இப்பிரிவினை எமக்கு உடன்பாடன்று. எழுத்தறியா மக்கள் அவையில் நிமிர்ந்து பேசுதற்கு ஒரு மொழியை அளித்தவர் யாவர் என்பதும் இலக்கிய வரலாற்றின் வினாவே.

ஊரார் அம்முதியவர்க்கு அடுத்த முறையை விட்டுக்கொடுத்தனர். அவர் உரையை எழுதிக்கொண்டுள்ளோம். படத்தின் வழக்குரை காட்சியோடு சொற்சொல்லாக அதனை ஒப்பிட்டு வருகின்றோம்.