பாக் நீரிணை நீச்சல் வரலாறு

பாக் நீரிணை நீச்சல் என்பது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடற்பகுதியை நீந்திக் கடக்கும் நெடுந்தூர விளையாட்டாகும். 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பால்க்கின் பெயரால் இந்நீரிணை அழைக்கப்படுகிறது. ஆங்கிலக் கால்வாயை 1875 ஆகஸ்ட் 25 அன்று மாத்யூ வெப் 21 மணி 45 நிமிடங்களில் கடந்து முடித்தது உலகப் புகழ் பெற்ற நிகழ்வு. அதற்கு இணையாக, நேரில் கண்டிருக்கலாமே என்று ஏங்க வைக்கும் நிகழ்வுகள் தமிழர் வாழும் இவ்விரு கரைகளுக்கு நடுவிலும் நடந்துள்ளன. ஆனால் இக்கடலை நீந்தியவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1966-இல் மிஹிர் சென்னிடமிருந்தே தொடங்குகிறது. அவருக்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே ஈழத்தமிழர் ஒருவர் இதே கடலை நீந்திக் கடந்திருக்கிறார்.

இரண்டு பாதைகள்

நீச்சல் வீரர்களின் நேரங்களை ஒப்பிடும் முன் அவர்கள் எந்தப் பாதையில் நீந்தினார்கள் என்று பார்க்க வேண்டும். வடக்குப் பாதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறைக்கும் நாகப்பட்டினம் மாவட்டக் கோடியக்கரைக்கும் இடைப்பட்டது. அதன் தொலைவு 50 கிலோமீட்டருக்கும் மேல். தெற்குப் பாதை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்டது. அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். கிருஷ்ணகிரி மாவட்ட மத்திகிரியில் புறப்பட்டு, ஓசூர் வழியாக மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி வரை செல்லும் தொலைவு ஏறக்குறைய தெற்குப் பாதையின் அளவுதான். அவ்வளவு தூரத்தையும் ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் கடலில் நீந்த வேண்டும். உடன் வரும் படகைத் தொடக் கூடாது என்பது நெடுந்தூரக் கடல் நீச்சலின் பொது விதி. உணவும் நீரும் படகிலிருந்து நீட்டப்படும். நீந்துபவர் மிதந்தபடியே அவற்றை உட்கொள்வார்.

பருவமும் நீரோட்டமும்

வடகிழக்குப் பருவக்காற்றும் தென்மேற்குப் பருவக்காற்றும் இக்கடலை மாறி மாறி அலைக்கழிக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். கீழே குறிப்பிடப்படும் கடப்புகள் பலவும் அம்மாதங்களில் நிகழ்ந்ததற்குக் காரணம் இதுவே. ஆழம் குறைந்த கடல் என்பதால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. தெற்குப் பாதைக்கு அருகில் ஆதம் பாலம் எனப்படும் மணல்திட்டுகள் வரிசையாக உள்ளன. அவற்றின் இடைவெளிகள் வழியாகப் பாக் விரிகுடாவின் நீரும் மன்னார் வளைகுடாவின் நீரும் பாய்வதால் நீரோட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும்.

1954: நவரத்தினசாமி

தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தினார். பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் என்று அறியப்படுபவர் இவரே. அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 27 மணி. அதாவது ஒரு பகலையும் ஓர் இரவையும் அவர் தண்ணீரிலேயே கழித்தார். வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்கா வரை சென்றது. பாய்மரங்கள் போய்வந்து பழகிய கடலில் ஒரு மனிதன் கைகளையும் கால்களையும் மட்டுமே நம்பி இறங்கினான் என்பதே 1954-இன் சிறப்பு.

1966: மிஹிர் சென்

கொல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த மிஹிர் சென் 1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார். 1966 ஏப்ரல் 5 அன்று தலைமன்னாரில் கடலில் இறங்கிய அவர், மறுநாள் தனுஷ்கோடியை அடைந்தார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன.

அவருடைய இரு நேரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாக் நீரிணையின் இயல்பு புரியும். ஏறத்தாழ 34 கிலோமீட்டர் அகலமுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடக்க அவருக்கு 14 மணி 45 நிமிடங்கள் போதுமாக இருந்தன. அதைவிடக் குறைந்த தொலைவுள்ள தெற்குப் பாதைக்கோ 25 மணி 36 நிமிடங்கள் ஆயின. நேர்கோட்டுத் தொலைவைக் கொண்டு கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர், அதாவது சாதாரண நடையின் வேகத்தில் கால் பங்கு.

அவர் கரையேறிய தனுஷ்கோடியும் அப்போது பழைய தனுஷ்கோடியாக இல்லை. 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் ரயில் நிலையம், துறைமுகம், குடியிருப்புகள் அனைத்தையும் அழித்திருந்தது. தலைமன்னாருக்கு அங்கிருந்து ஓடிய கப்பலும் நின்றுபோயிருந்தது. அந்தக் கடலைத்தான் சென் ஏறத்தாழ 16 மாதங்களுக்குப் பின் நீந்திக் கடந்தார். அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளையும் பனாமா கால்வாயையும் நீந்தி, ஓராண்டில் ஐந்து கடப்புகள் என்ற சாதனையைப் படைத்தார்.

1971: ஆழிக்குமரன் ஆனந்தன்

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தனும் வழக்கறிஞரே. 1971-இல் அவர் இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி வந்து, மீண்டும் இலங்கைக்கே நீந்தித் திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு நாட்களுக்கும் மேல் உறக்கம் இல்லை. இந்திய மண்ணைத் தொட்டபின், வந்த கடலை நோக்கியே அவர் திரும்பிய கணம் இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கரை என்பது முடிவு. அவருக்கு அது பாதி வழி.

பின்னர் பல கின்னஸ் சாதனைகளும் அவர் பெயரில் பதிவாயின. சென்னை மெரினாவின் அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நின்ற நிலையில் மிதந்தது அவற்றுள் ஒன்று. 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. அவரது நினைவைப் போற்றும் ஈழத்தமிழர் அவரை 'ஆழிக்குமரன்' என்றே அழைக்கின்றனர்.

1994-க்குப் பின்

ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-இல், 12 வயதில், பாக் நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு கடப்புகளை முடித்து மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தார். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. பெண்களில் புலா சௌத்ரி 2004-இல் இக்கடலைக் கடந்தார். ஐதராபாத்தைச் சேர்ந்த சியாமளா கோலி 2021 மார்ச்சில், 48 வயதில், 13 மணி 43 நிமிடங்களில் கடந்தார். ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடங்களில் நீந்தி வந்தார். சென்னின் காலத்தோடு ஒப்பிட்டால் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளது.

கடலில் ஒரு கோடு

நவரத்தினசாமியும் சென்னும் ஆனந்தனும் நீந்தியபோது பாக் நீரிணையில் ஒப்பந்தம் மூலம் வரையறுக்கப்பட்ட கடல் எல்லை இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1974-இல்தான் அதை வகுத்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கைப் போர் இக்கடலைக் காவலுக்குரிய பகுதியாக்கியது. இன்று நீந்த விரும்புவோர் இரு நாட்டு அரசுகளின் அனுமதியையும் பெற்றாக வேண்டும். நீச்சல் வீரருக்குப் படகுத் துணையோடு கைதட்டல் கிடைக்கும் அதே கோட்டில், எல்லை தாண்டியதாக மீனவர்கள் கைது செய்யப்படுகின்றனர். வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏறிய 1954-ஆம் ஆண்டுப் பயணத்தை நினைவில் வைப்பது ஒரு விளையாட்டுச் சாதனைக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. இவ்விரு கரைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் இருந்தன என்பதற்கும் அது சான்றாக நிற்கிறது.