வேட்டைக்காடும் பிள்ளைகளின் விடுமுறையும்

கோடை என்னும் சொல் குளிர்நாடுகளில் தரும் பொருளை இலங்கையில் தருவதில்லை. இங்கே ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. பருவத்தைப் பிரித்துக் காட்டுவன காற்றும் மழையுமே. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்மேற்குச் சரிவுகள் மழையில் நனைய, வடக்கும் கிழக்கும் தென்கிழக்கும் வறண்டு கிடக்கும். சிறு நீர்நிலைகள் வற்றும். பெருங் குளங்களின் ஓரங்களில் நீர் வடிந்த நிலத்திலே இளம்புல் முளைக்கும். காட்டு விலங்குகள் அந்நீரையும் புல்லையும் நாடி வெளியே வரும். ஓகஸ்ட் மாதத்துப் பாடசாலை விடுமுறையும் இப்பருவத்திலேயே வருகின்றது. ஆதலின், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேசிய பூங்காவொன்றைக் காணச் செல்லும் வழக்கம் இந்நாட்டுக் குடும்பங்களிடையே வேரூன்றியிருப்பது வியப்பன்று.

எந்தப் பூங்காவுக்குச் செல்வது என்ற வினாவுக்குப் பெற்றோர் பெரும்பாலும் தூரத்தையும் செலவையும், எத்தனை விலங்குகளைக் காணலாம் என்பதையும் கொண்டே விடை தேடுகின்றனர். இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் இப்பூங்காக்கள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தவர்க்கு அவ்வினாவின் விடை வேறொரு வகையிலும் புலப்படும். ஏனெனில், இன்று பிள்ளைகள் ஜீப் வண்டியில் அமர்ந்து யானையைப் பார்த்து மகிழும் நிலம், ஒரு காலத்தில் அந்த யானையைக் கொன்று மகிழ்ந்தோரின் நிலமாக இருந்தது.

காட்டுயிர்களைக் காக்கும் எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. தேவநம்பிய தீசன் மான்வேட்டைக்குச் சென்ற இடத்திலேதான் மகிந்த தேரரைச் சந்தித்தான் என்று மகாவமிசம் கூறுகின்றது. அச்சந்திப்பு நிகழ்ந்த மிகிந்தலைக் குன்று அன்று முதல் உயிர்களின் புகலிடமாயிற்று என்பது மரபு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் விலங்குகளுக்கு அபயம் அளித்த செய்தியைக் கல்லிலே பொறித்து வைத்தான். யானையோ அரசனின் உடைமையாகவே கருதப்பட்டது. அவன் ஆணையின்றி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாயின.

1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் இந்நிலை தலைகீழாயிற்று. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்காகப் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. யானை பயிரை அழிக்கும் பகையாக எண்ணப்பட்டது. அதனைக் கொல்வோருக்கு அரசாங்கமே சன்மானம் வழங்கியது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு அச்சன்மானம் பெறப்பட்டது என்றும், 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே 2,000 யானைகளுக்கு வழங்கப்பட்டது என்றும் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய எமேர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலிற் குறித்துள்ளார். 2011இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பிற் கண்ட யானைகள் 5,879. இரண்டு பகுதிகளின் அழிவு ஒரு நாட்டின் 2011ஆம் ஆண்டு மொத்தத்தை நெருங்குவதை எண்ணுமிடத்து அக்காலத்தின் கொடுமை விளங்கும்.

சன்மானத்துக்காகக் கொன்றவர் ஒருபுறமிருக்க, பொழுதுபோக்குக்காகக் கொன்றவர் மறுபுறம் இருந்தனர். மேஜர் ரோஜர்ஸ் என்னும் படை அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகின்றார். 1845இல் அப்புத்தளையில் அவர் இடி தாக்கி இறந்தபோது, காட்டின் சாபமே அது என்று மக்கள் பேசிக்கொண்டனர். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டை அனுபவங்களை நூலாகவே எழுதினார். அவர் வேட்டையாடித் திரிந்த ஓட்டன் சமவெளியில் இன்று யானைக் கூட்டம் இல்லை. அங்குள்ள நீர்வீழ்ச்சியொன்று மட்டும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

காட்டைக் காக்க வேண்டுமென்று முதலிற் குரலெழுப்பியவரும் வேட்டைக்காரரே என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. சுடுவதற்கு விலங்கு எஞ்சாது போய்விடும் என்ற அச்சம் அவர்களைச் சிந்திக்க வைத்தது. 1894இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் சங்கமொன்று அமைக்கப்பட்டது. வனசீவராசிகளையும் இயற்கையையும் பாதுகாக்கும் சங்கமாக இன்று இயங்குவது அதுவே. 1900இல் தென்கிழக்குக் கரையிலே மாணிக்க கங்கைக்கும் கும்புக்கன் ஆற்றுக்கும் இடைப்பட்ட யால நிலப்பரப்பு வேட்டை விலக்கப்பட்ட சரணாலயமாயிற்று. எனினும் அதனை அடுத்தாற்போல வேட்டைக்காரருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சரணாலயத்திற் பெருகும் விலங்குகள் எல்லை கடந்து வந்தால் வேட்டை சிறக்கும் என்பதே அன்றைய கணிப்பு. 1905இல் வடமேற்கே வில்பத்துவும் சரணாலயமாக்கப்பட்டது.

யாலவின் முதற் காவலராக அமைந்தவரின் கதை பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. என்ரி எங்கல்பிரெக்ற் என்பவர் தென்னாபிரிக்கப் போரிலே பிரித்தானியரிடம் சிறைப்பட்டு, தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட போயர் கைதிகளில் ஒருவர். போர் முடிந்தபின் விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் தாய்நாடு திரும்பினர். அவர் அதற்கு இணங்காமையால் இங்கேயே தங்க நேர்ந்தது. அவரிடம் யாலவின் காவல் ஒப்படைக்கப்பட்டது. நாடிழந்த ஒருவர் விலங்குகளின் நாட்டைக் காத்து நின்றார். முதலாம் உலகப் போரின்போது, எம்டன் என்னும் ஜேர்மானியக் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்ற பழி அவர்மேற் சுமத்தப்பட்டது. அதற்காக அவர் சிறையும் கண்டார். பின்னர் அப்பழி பொய்யென வெளிப்பட்டது. 1922இல் அவர் காலமானார்.

வேட்டைக்காரரின் நிலம் பொதுமக்களின் நிலமாக மாறியது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாலேயாகும். அடுத்த ஆண்டாகிய 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. காட்டுயிர்களைப் பார்க்கவும் கற்கவும் விரும்பும் எவரும் அனுமதி பெற்று உள்ளே செல்லலாம்; கொல்லவோ குலைக்கவோ எவருக்கும் உரிமையில்லை என்பது தேசிய பூங்காவின் விதி. 1949இல் இதற்கெனத் தனித் திணைக்களம் ஏற்பட்டது. அதன் முதற் பொறுப்பாளரான சி. டபிள்யூ. நிக்கலஸ், இலங்கையின் பண்டைய இடப்பெயர்களையும் குளங்களையும் ஆராய்ந்த வரலாற்றறிஞருமாவார். காட்டையும் வரலாற்றையும் ஒருசேரக் கற்ற ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது பொருத்தமானதே.

இந்த வரலாற்றில் நிழலும் உண்டு. காட்டை அழிக்காமல் காட்டிலே வாழ்ந்தோர் சிலரும் பூங்காவின் எல்லைக்கு வெளியே நிற்க நேர்ந்தது. 1983இல் மாதுறு ஓயாப் பகுதி தேசிய பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் பல புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. தம் முன்னோரின் காட்டுக்குள் நுழைவதே அவர்களுக்குக் குற்றமாயிற்று. உள்நாட்டுப் போரோ பூங்காக்களையும் விட்டுவைக்கவில்லை. 1980களில் மூடப்பட்ட வில்பத்து 2003இல் திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டு, 2010இலேயே நிலையாகத் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதன் பெயரை மாத்திரமே அறிந்து வளர்ந்தனர்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு பூங்காவைத் தேர்வோர்க்குச் சில செய்திகள் பயன்படும். ஓகஸ்ட் மாதத்துக்கு மிகவும் ஏற்றது மின்னேரியா. 3ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்ட மகாசேன மன்னன் நெல்வயல்களுக்காகக் கட்டிய குளம் அது. வறட்சியில் அதன் கரைகள் வெளிப்படும்போது, சுற்றுக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் அங்கு வந்து சேருகின்றன. மனிதன் வெட்டிய குளத்தை விலங்குகளும் தமதாக்கிக் கொண்ட இக்காட்சி, நீர்ப்பாசன வரலாற்றையும் காட்டு வாழ்வையும் ஒரே பாடமாகப் பிள்ளைக்குக் கற்பிக்கும். எனினும் மொரகஹகந்த நீர்த்தேக்கம் அமைந்தபின், குளத்தில் நீர் உயர்ந்து நிற்கும் ஆண்டுகளில் புல்வெளி மூழ்கிப்போக, கூட்டம் குறைவதும் உண்டு. புறப்படுமுன் விசாரித்து அறிதல் நன்று.

மிகச் சிறிய பிள்ளைகளை உடையோர்க்கு உடவளவை ஏற்றது. நீர்த்தேக்கம் கட்டப்பட்டதால் இருப்பிடம் இழந்த விலங்குகளுக்காக 1972இல் அமைந்த பூங்கா அது. திறந்த புல்வெளியாதலால் நெடுநேரம் காத்திராமலே யானைகளைக் காணலாம். பொறுமை குறைந்த வயதினர்க்கு இது பேருதவி. அருகே, தாயை இழந்த யானைக் கன்றுகளை வளர்த்து மீண்டும் காட்டுக்கே அனுப்பும் நிலையம் 1995 முதல் இயங்குகின்றது. கன்றுகள் பால் குடிக்கும் வேளையில் மக்கள் தள்ளி நின்று பார்க்கலாம், தொட இயலாது. மனிதக் கை பழகிய கன்று காட்டில் வாழாது என்பதனை விளக்கிச் சொன்னால், அன்பு என்பது தொடுவது மாத்திரமன்று என்று குழந்தை உணர்ந்துகொள்ளும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் கரையிலுள்ள கல்லோயாப் பூங்கா நல்லது. 1954இல் உருவான அதனைப் படகிலிருந்து பார்க்கலாம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதும் உண்டு. நடக்க வல்லவர்க்கு ஓட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, ஏறக்குறைய 9 கிலோமீற்றர் சுற்றுப் பாதையிற் கால்நடையாகவே செல்லலாம். மூடுபனி எழுமுன் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையை அடைய விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். அமைதியை விரும்புவோர்க்கு வில்பத்து. வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் ஓரத்திலே காத்திருக்கக் கற்றவனுக்கே அது தன்னைக் காட்டும்.

யாலவைப் பற்றி மாத்திரம் ஓர் எச்சரிக்கை வேண்டியுள்ளது. சிறுத்தைகள் மிகுதியாக வாழும் இடம் என்ற புகழே அதற்குப் பகையாயிற்று. விடுமுறை நாட்களில் ஒரு சிறுத்தை காணப்பட்டதென்ற செய்தி எட்டியதும் ஜீப் வண்டிகள் புழுதி பறக்க விரைந்து வந்து அதனை வளைத்து நிற்கின்றன. விலங்கு போக வழியின்றித் திகைக்க, வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு அடுத்த விலங்கைத் தேடி ஓடுகின்றனர். துப்பாக்கி கையை விட்டுப் போயிற்று. வேட்டை மனம் போகவில்லை. எத்தனை சுட்டோம் என்று எண்ணியவர்களின் இடத்தில் எத்தனை பார்த்தோம் என்று எண்ணுவோர் வந்து அமர்ந்தனர். இதைக் காணும் பிள்ளை காட்டைக் கற்பதில்லை, துரத்துவதையே கற்கின்றது.

இதே யாலவின் ஊடாக வேறு வகையிற் செல்வோரும் உளர். கதிர்காமத் திருவிழாவுக்காக வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாகப் புறப்படும் அடியார்கள், உகந்தை முருகன் கோயிலை வணங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, குமண, யாலக் காடுகளின் வழியே பல நாள் நடக்கின்றனர். அவர்களிடையே முதியோரும் உளர், பிள்ளைகளும் உளர். விலங்கைத் தேடி அவர்கள் செல்வதில்லை. எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுகின்றனர். காடு பிறருடைய வீடு, அதனுள் விருந்தினராகவே நடக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இயல்பாக அமைந்துள்ளது. பெரியவர்கள் அடங்கி நடப்பதைக் கண்டு, உடன் செல்லும் பிள்ளையும் அடங்கி நடக்கின்றது.

ஆகவே பூங்காவைத் தேரும்போது, அங்கே பிள்ளை எதனைக் காணும் என்று கேட்பதோடு, எவ்வாறு காணக் கற்கும் என்றும் கேட்டல் வேண்டும். கூட்டம் குறைந்த பூங்காவையும் நெரிசல் இல்லாத நாளையும் நாடுவது அதன் முதற்படி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாமல் ஒரு குளக்கரையில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவைப்பது இரண்டாம் படி. விரைந்து ஓட்டுமாறு சாரதியைத் தூண்டாமலும், விலங்கை நெருங்கினால் கூலி மிகுதியாகத் தருவதாகச் சொல்லாமலும் பெற்றோர் நடந்துகொள்வது மூன்றாம் படி. சிறுத்தையைக் காணாமல் திரும்பும் நாளிலும், காலடித் தடத்தையும் மீன்கொத்தியின் பாய்ச்சலையும் கறையான் புற்றையும் காட்டிக் கொடுக்கும் தந்தையோ தாயோ உடனிருந்தால் அந்நாள் வீணாவதில்லை.

சட்டம் விலங்குகளைத் துப்பாக்கியினின்று காத்தது. அச்சட்டத்தை நாளை பேணப்போகிறவர்களோ விலக்கப்போகிறவர்களோ இன்று வண்டியின் பின்னாசனத்தில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரே. அவர்கள் எந்தப் பக்கத்தில் நிற்பார்கள் என்பதை விடுமுறையில் அவர்கள் கண்ட விலங்குகளின் தொகை முடிவு செய்யாது. அவற்றின் முன்னே தம் பெற்றோர் நின்ற விதமே முடிவு செய்யும்.