தோட்டத்து உயிர்களின் பெயர் வரலாறு

உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடும் வேட்கை மாந்தரிடம் தொன்றுதொட்டே உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் அது பிரித்தது. தெங்கும் பனையும் புல்லினத்தன என்பர் உரையாசிரியர். இன்றைய தாவர நூலாரும் பனைக் குடும்பத்தைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைப்பது கருதத்தக்கது. ஆகவே, வடசிலாங்கூர்த் தோட்டங்களில் நாம் காணும் ரப்பர் மரம் ஆகும். செம்பனையோ, தொல்காப்பிய வழக்கில், புல்லே ஆகும்.

உலகோர் அனைவரும் ஒரே பெயரால் ஓர் உயிரைச் சுட்ட வழிவகுத்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753-இல் தாவரங்களுக்கும் 1758-இல் விலங்குகளுக்கும் அவர் வெளியிட்ட நூல்களே இன்றைய இருசொற்பெயர் முறைக்கு அடிப்படை. முதற்சொல் பேரினத்தையும், இரண்டும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். ரப்பர் மரம் 1824-இல் 'சைபோனியா பிரசிலியென்சிஸ்' எனப்பட்டது; 1865-இல் 'ஹீவியா பிரசிலியென்சிஸ்' ஆயிற்று. பேரினம் மாறினும் பின்சொல் நின்றது. அதுவே விதி. அச்சொல் மரத்தின் பிறப்பிடத்தையும் உரைக்கின்றது.

செம்பனைக்கு 1763-இல் ஜாக்குவின் என்பார் 'எலேயிஸ் கினீன்சிஸ்' எனப் பெயரிட்டார். கினி மேலை ஆப்பிரிக்க நாடு. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். மலாயாவின் வணிகச் செம்பனைப் பயிர் அங்கேதான் தொடங்கிற்று. தென்னையின் தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் அதன் ஆப்பிரிக்க உறவு வேரூன்றியது!

வந்தேறிய பயிர்கள் இவை. இம்மண்ணின் பெயரையே தாங்கிய உயிரும் ஒன்றுண்டு. கோல சிலாங்கூர் மலாவத்திக் குன்றில் திரியும் வெள்ளிநிற இலைக்குரங்கே அது. சுமத்திராக் குரங்குக்கு ராஃபிள்ஸ் 1821-இல் இட்ட பெயரிலேயே இதுவும் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. 2008-இல் ரூஸ், நாட்லர், வால்ட்டர் ஆகியோர் மரபணுவை ஆராய்ந்து, இதனை 'சிலாங்கோரென்சிஸ்' எனத் துணையினமாகப் பிரித்தனர். பின்னர் இது தனிச் சிற்றினமாகவே கொள்ளப்பட்டது.

இது வெறும் பெயர் மாற்றமன்று. பிற நாட்டு இனத்தோடு சேர்த்து எண்ணப்படும் உயிர், இங்கு அருகினும் எவர் கண்ணிலும் படாது. தனிப்பெயர் பெற்றால் தனிக் கணக்கும் காவலும் பெற வழியுண்டு. தமிழாசிரியர்கள் மரபியலைக் கற்பிக்குங்கால் செம்பனையையும் இக்குரங்கையும் எடுத்துக்காட்டுவார்களாயின், இலக்கணமும் அறிவியலும் மாணவர் நெஞ்சில் ஒருங்கே பதியும்.