ஊனோவும் ஒரு கிழிந்த சீட்டுக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எப்போது சுருக்கமாகப் பேசியிருக்கிறேன்!

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். மத்தியானம் வெளியே போக முடியாத வெயில். "அம்மாச்சி, ஒரு ஆள் குறையுது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு சீட்டுக்கட்டு. எனக்குச் சீட்டு என்றாலே ஆகாது. என் தாய்மாமா ஒருவர் 'உள்ளே வெளியே' ஆடி ஒரு மா நிலத்தை இழந்தவர். ஆனால் இது காசு வைத்து ஆடுவது இல்லை, இதன் பெயர் ஊனோ என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன்.

விதி கேட்க எளிதுதான். ஆளுக்கு ஏழு சீட்டு. நடுவில் கிடப்பது சிவப்பு ஐந்து என்றால், நாம் சிவப்பு ஏதாவது போடலாம், அல்லது எந்த நிறத்திலும் ஓர் ஐந்து போடலாம். இல்லையென்றால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். கையில் ஒரே சீட்டு மிஞ்சும்போது "ஊனோ" என்று கத்த வேண்டும். ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் ஊனோ என்றால் ஒன்று. மறந்தால் இரண்டு சீட்டு அபராதம்.

ஆனால் வேகம்! நான் கண்ணாடியைச் சரிசெய்து என் சீட்டைப் பார்ப்பதற்குள் ஒருவன் திருப்பு சீட்டைப் போட, சுற்று எதிர்ப்பக்கம் ஓடும். இன்னொருத்தி தாண்டு சீட்டைப் போட, என் முறை போய்விடும். கீழே கிடக்கும் அதே நிறம், அதே எண் நம் கையில் இருந்தால் முறை வராமலே பாய்ந்து போடலாமாம். முதல் நாள் முழுக்க நான்தான் தோற்றேன். இரண்டாம் நாள் ஒரே சீட்டு வரை வந்துவிட்டேன். மகிழ்ச்சியில் ஊனோ சொல்ல மறந்துவிட்டேன். கடைக்குட்டி விரலை நீட்டி, "அம்மாச்சி சொல்லல! ரெண்டு எடுங்க!" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பார்த்து விரல் நீட்டியவளுக்கு அது நல்ல அனுபவம்தான்.

மூன்றாம் நாள் பெட்டிக்குள் இருந்த விதித்தாளை எடுத்து வரிவரியாகப் படித்தேன். ஆசிரியர் புத்தி. பாய்ந்து போடும் விதியே அதில் இல்லை! "+2" மேல் "+2" அடுக்கி அடுத்தவர் தலையில் நான்கு சீட்டு ஏற்றுகிறார்களே, அதுவும் இல்லை. காட்டினேன். பெரியவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அது பேப்பர் ரூல் அம்மாச்சி, இது வீட்டு ரூல்" என்றான்.

அன்று ராத்திரி இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஒகையோ மாநிலம், சின்சினாட்டியை ஒட்டிய ரெடிங் என்ற ஊர். அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் மெர்ல் ராபின்ஸ். வீட்டில் சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்து 'கிரேஸி எய்ட்ஸ்' ஆடுவார்கள். அதில் எட்டாம் நம்பர் சீட்டுக்குத் தனிச் சலுகை. அதன் விதி பற்றி அவருக்கும் மகன் ரேக்கும் வாக்குவாதம் வந்ததாம். 1971-இல் அவர் தனிக் கட்டே தயாரித்துவிட்டார். எந்தச் சீட்டு என்ன செய்யும் என்பது சீட்டிலேயே தெரிந்துவிட்டால் சண்டைக்கு இடம் ஏது? 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டு அச்சடித்து, தன் கடையிலேயே வைத்து விற்றார். பிறகு 50,000 டாலரும், விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் பத்து சென்ட்டும் என்று பேசி உரிமையைக் கொடுத்துவிட்டார். வாங்கிய குழுவின் தலைவர் ராபர்ட் டெசாக், ஜோலியட் ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்தியவர்! 1992-இல் அது மேட்டல் நிறுவனத்துக்குப் போனது.

சண்டை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது. 2019-இல் அந்த நிறுவனமே ட்விட்டரில், "+4" மேல் "+2" அடுக்கக் கூடாது என்று அறிவித்தது. எங்கள் வீட்டில் நாங்கள் அப்படித்தான் ஆடுவோம் என்று பதில் சொன்னவர்கள் ஏராளம். என் பேரன் அவர்களில் சேர்த்தி.

இதுவரை விளையாட்டாகத்தான் படித்தேன். ஊனோவுக்கு முன்னால் கிரேஸி எய்ட்ஸ், அதற்கு முன்னால் ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டு, அது எங்கிருந்து என்று பின்னோக்கிப் போனேன். இஸ்தான்புல்லின் டாப்காபி அரண்மனையில் எகிப்தின் மம்லூக் காலத்துச் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றிலும் நான்கு வகைதான்: வாள், கோப்பை, காசு, போலோ மட்டை. ஐரோப்பாவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் சீட்டு போயிற்று. 1377-இலேயே ஃபிளாரன்ஸ் நகரம் சீட்டாட்டத்துக்குத் தடை போட்டது. வந்த வேகத்தில் தடை! நம் நாட்டிலும் ஐரோப்பியரிடமிருந்துதான் சீட்டு என்பதையே கற்றோம் என்று நினைக்க வேண்டாம். 1527-இல் பாபர் சிந்து நாட்டு மன்னருக்குக் கஞ்சிஃபா என்ற சீட்டை அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வட்டமான சீட்டு, மொகலாயக் கட்டில் மொத்தம் 96.

ஆனால் நம் திண்ணைகளில் ஆடும் ஐம்பத்திரண்டு சீட்டு கப்பலில் வந்தது. அதற்கு அந்தச் சீட்டுகளின் பெயரே சாட்சி. ஆங்கிலேயன் 'கிளப்ஸ்' என்கிறான். நாம் ஏன் கிளாவர் என்கிறோம்? டச்சுக்காரன் மொழியில் அது 'கிளாவர்' தான். ஆட்டின் என்கிறோமே, அது டச்சு 'ஹார்ட்டன்'. இஸ்பேடு மட்டும் வேறு வழி. போர்த்துகீசிய 'எஸ்பாடா' என்றாலும் சரி, ஆங்கில 'ஸ்பேட்' என்றாலும் சரி, இரண்டுக்கும் வேர் வாள் என்ற சொல்தான். துருப்பு என்று சொல்லும்போது டச்சு 'ட்ரூஃப்' என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலங்கையில் சிங்களவர் நான்கையுமே டச்சிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: இஸ்கோப்ப, ஹாரத்த, ருவித்த, கலாபர. அந்தக் கரையில் 1796 வரை டச்சுக்காரர்கள் இருந்தார்கள். நம் நாகப்பட்டினம் 1658-இலிருந்து 1781 வரை அவர்கள் கையில்.

இந்த இடத்தில் கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

1989. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளி. சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாடவேளை. 'ஐரோப்பியர் வருகை' நடத்திக்கொண்டிருக்கிறேன். போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுகிறேன். கடைசி பெஞ்சில் நான்கு பையன்கள் குனிந்து கழுதை ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், ஒருவர் போட்ட வகையே எல்லாரும் போட வேண்டும், அது கையில் இல்லாதவன் வேறு வகையைப் போட்டு வெட்டுவான், பெரிய சீட்டுப் போட்டவன் அத்தனையையும் அள்ளுவான். வெட்டிய ஒருவன் தன்னை மறந்து "கிளாவர்!" என்று கத்திவிட்டான்.

பிரம்படி நான்கு பேருக்கும். பிறகு கட்டைப் பிடுங்கி, மேஜைக்கு முன்னால் அவனை நிறுத்தி, ஐந்தாறு சீட்டாகச் சேர்த்துச் சேர்த்துக் கிழித்தேன். "அப்பாவோடது டீச்சர்" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். நான் நிறுத்தவில்லை. தாய்மாமா நிலம்தான் என் கண்ணில் தெரிந்தது, அந்தப் பையன் தெரியவில்லை. நான்கைந்து நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவும் இல்லை.

வகுப்பில் ஆடியது தப்புதான், அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. கட்டை வாங்கி மேஜை அறையில் பூட்டிவிட்டு, சாயங்காலம் கொடுத்திருக்கலாம். என் பலகையில் 'டச்சுக்காரர்' என்று எழுதியிருந்தது, அவன் வாயில் டச்சுச் சொல். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கட்டையே பலகைக்குப் பக்கத்தில் விரித்துப் பாடம் நடத்தியிருப்பேன்.

பிள்ளைகள் ஊருக்குப் போகும் முன், கடைசி நாள் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். ஊனோவை மூன்று தடவை கத்தினேன், ஒருவேளை யாருக்கும் கேட்கவில்லையோ என்று. கடைக்குட்டி மட்டும் நான் ஏமாற்றியதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நால்வரில் இரண்டு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். கட்டுக்குச் சொந்தக்காரன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், பெயரைப் பொதுவில் போட வேண்டாம். தம்பி, நீயே இதைப் படித்தால், ஒரு புதுக் கட்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு போ. அப்பா இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வா.