அமெரிக்க உழவர் கேட்ட பண்டகசாலை

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உழவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். மிஞ்சவில்லை என்று கண்டதோடு நில்லாமல், ஏன் மிஞ்சவில்லை என்றும் கேட்டார்கள். அக்கேள்வி அந்நாட்டு அரசியலையே ஓர் ஆட்டு ஆட்டிவைத்தது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க அரசாங்கம் செலவை ஈடுசெய்யக் காகித நாணயத்தை ஏராளமாக அச்சிட்டது. போர் முடிந்தபின் அதைச் சுருக்கத் தலைப்பட்டது. 1873ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளி டாலர் அடிப்பதைக் கைவிட்டது. 1879 முதல் நோட்டுக்குத் தங்கம் தரப்பட்டது. மக்கள் பெருகினர், விளைச்சல் பெருகியது, பணம் மட்டும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பண்டம் மிகுந்து பணம் குறைந்தால் விலை விழுவது இயல்பு. 1881இல் ஒரு டாலருக்கு மேல் விற்ற ஒரு புஷல் கோதுமை, 1894இல் ஏறத்தாழ 50 காசுக்கு இறங்கிற்று. அவ்வாண்டில் பருத்தி இராத்தல் 5 காசுக்கும் கீழே போயிற்று.

விலை இறங்கினால் வாங்குவோருக்கு நன்மைதானே எனலாம். கடன்பட்டவனுக்கு அப்படியன்று. கோதுமை ஒரு டாலர் விற்றபோது ஆயிரம் டாலர் வாங்கியவன், உண்மையில் ஆயிரம் புஷல் கடன் வாங்கினான். விலை பாதியானபோது இரண்டாயிரம் புஷல் அளந்தால்தான் கடன் தீரும். வட்டி தனி. பத்திரத்தில் எழுதிய தொகையில் ஒரு காசும் ஏறவில்லை. ஆனால் கடன் இரட்டித்துவிட்டது! கான்சாஸ் மாநிலத்தில் புகைவண்டிக் கட்டணம் கொடுத்து மக்காச்சோளத்தை அனுப்புவதைவிட அடுப்பில் இட்டு எரிப்பதே மேல் என்று எரித்தவர்களும் உண்டு.

தென் மாநிலங்களின் நிலை இன்னும் கொடிது. அங்கே போருக்குப்பின் வங்கிகள் அருகிவிட்டன. விதை, உரம், மாவு, துணி எல்லாவற்றையும் ஊர்க் கடைக்காரரிடம் கடனாகவே வாங்க வேண்டும். ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. ஈடாக, இன்னும் முளைக்காத பயிரையே உழவன் எழுதிக் கொடுத்தான். அறுவடை வந்ததும் எல்லோரும் ஒரே வேளையில் விற்றாக வேண்டியிருந்ததால் சந்தை விலை சரியும். சில மாதம் கழித்து அது ஏறும்போது பருத்தி வேறொருவர் கையில் இருக்கும். கணக்குப் புத்தகமும் கடைக்காரரிடந்தான். ஆண்டு முடிவில் கடன் தீராவிடில் அடுத்த ஆண்டுப் பயிரும் அவருக்கே. கடைக்காரரை மட்டும் குறைகூறுவதும் முறையன்று; அவரும் வட்டிக்கு வாங்கியே கடை நடத்தினார்.

1877இல் டெக்சாஸ் மாநிலத்து லம்பாசஸ் வட்டாரத்தில் சிறு சங்கமாகத் தோன்றிய உழவர் கூட்டணி, இந்தக் கட்டை அறுக்கக் கூட்டுறவை நாடியது. அதன் மூளையாக விளங்கியவர் சார்லஸ் மக்கூன். டல்லஸ் நகரில் அவர் தொடங்கிய விற்பனை நிலையத்தில், நிலமுள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடன் பத்திரமே முதல். அப்பத்திரத்தின்மேல் பணம் தர வங்கிகள் மறுத்தன. 1888 ஜூன் 9ஆம் நாள் டெக்சாஸின் பல பகுதிகளில் உழவர்கள் திரண்டு தம்மிடமிருந்த சில்லறையைத் திரட்டிக் கொடுத்தனர். போதவில்லை. அடுத்த ஆண்டே நிலையம் மூடப்பட்டது.

அக்காலத்தில் அவர்கள் பெற்ற வெற்றி ஒன்றும் உண்டு. பருத்திப் பொதிகளைச் சுற்றும் சணல் துணியை ஆலை முதலாளிகள் கூடிப் பேசி விலையேற்றியபோது, உழவர்கள் சணலை ஒதுக்கிப் பருத்தித் துணியாலேயே பொதி கட்டினர், முதலாளிகள் இறங்கிவந்தனர். அந்தச் சணலின் தாய்நாடு வங்காளம் என்பது குறிப்பிடத்தக்கது.

டல்லஸ் தோல்வி மக்கூனுக்கு ஒன்றைப் புலப்படுத்தியது: கடன் தரும் ஆற்றல் தனியார் கையில் இருக்கும்வரை கூட்டுறவு தழைக்காது. 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அவர் துணைக் கருவூலத் திட்டத்தை முன்வைத்தார். அரசாங்கம் பண்டகசாலைகள் கட்டும். உழவன் விளைச்சலை அங்கே வைப்பான். மதிப்பில் நூற்றுக்கு 80 பங்கு, ஆண்டுக்கு 1 விழுக்காடு வட்டியில் கடனாகப் பெறுவான். ஓராண்டுக்குள் நல்ல விலை பார்த்து விற்பான். இதுவே அந்த இயக்கத்தின் உயிர்நாடி. ஏனைய கோரிக்கைகளெல்லாம் பிறரும் கேட்டவை. இது மட்டும் உழவனின் சொந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

இரு பெருங்கட்சிகளும் கைவிரிக்கவே, 1892இல் ஒமாகா நகரில் மக்கள் கட்சி தன் வேட்பாளராக ஜேம்ஸ் வீவரை நிறுத்தியது. பத்து இலட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்தன. ஆனால் உள்ளே ஒரு பிளவு புரையோடிக் கிடந்தது. வெள்ளையர் சங்கம் கறுப்பினத்தாரைச் சேர்க்கவில்லை. அவர்கள் 1886இல் தனிச் சங்கம் அமைத்திருந்தனர். 1891இல் பருத்தி எடுப்போர் நூறு இராத்தலுக்கு ஒரு டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளையர் சங்கத் தலைவர் போல்க் அதை எதிர்த்தார். ஆர்கன்சா மாநிலத்தில் வேலைநிறுத்தக்காரர் பலர் கொல்லப்பட்டனர். கடைக்காரரிடம் கடன்பட்ட வெள்ளை உழவன், தன் வயலில் தானே முதலாளியாகவும் இருந்தான்.

1893இல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்று ரூபாய் அடிப்பதை நிறுத்தவே, உலகெங்கும் வெள்ளி விலை சரிந்தது. வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்குக என்ற முழக்கம் அமெரிக்காவில் ஓங்கியது. சுரங்க முதலாளிகளும் அதற்குப் பொருளுதவி செய்தனர். 1896இல் சிகாகோ மாநாட்டில் ‘தங்கச் சிலுவை’ப் பேச்சால் மக்களைக் கவர்ந்த பிரையனை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கியது. அவருக்கு வயது 36. மக்கள் கட்சியும் அவரையே தன் வேட்பாளராக ஏற்றது. மேடையெங்கும் வெள்ளியே முழங்கிற்று. பண்டகசாலையைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. நாட்டில் வெள்ளி பெருகினாலும், நிலமற்ற குத்தகை உழவன் கடைக்காரரின் வாசலில்தானே நிற்பான்! விலையேற்றத்துக்கு அஞ்சிய நகரத் தொழிலாளரும் முழுமனத்தோடு சேரவில்லை. மக்கின்லி 271 தேர்வாளர் வாக்குகள் பெற்றார், பிரையன் 176.

கட்சி கலைந்தது. தென்னாப்பிரிக்காவிலும் கிளாண்டைக்கிலும் எடுத்த தங்கத்தால் பணம் பெருகி விலைகள் தாமே ஏறின. இரு இனத்து உழவரும் ஒரே கடனில் கட்டுண்டவர் என்று 1892இல் வாதிட்ட ஜார்ஜியாவின் டாம் வாட்சன், பின்னாளில் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிப்பதற்கே துணைநின்றார். அவர்களது கோரிக்கைகளுள் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1910இலும், வருமான வரியும் மேலவைக்கு நேரடித் தேர்தலும் 1913இலும் நிறைவேறின. பண்டகசாலைதான் காத்திருந்தது. 1933இல், ரூஸ்வெல்ட் ஆட்சியில், விளைபொருளை ஈடாகக் கொண்டு உழவனுக்குக் கடன் வழங்க ஓர் அரசுக் கழகம் ஏற்பட்டது. இயக்கத்தை விட்டு விலகிக் கிறித்துவப் போதகராகிவிட்ட மக்கூன் அப்போது உயிருடன் இருந்தார். அவருக்கு வயது 82.