மூன்று அழுகைக்குப் பின் ஒரு சிரிப்பு

பெருங்காப்பியம் ஒன்று ஒரு நாட்டிலே வேரூன்றிவிட்டால், அதன் நிழலில் சிறிய கதைகள் பல முளைப்பது இயல்பு. காப்பியத் தலைவன் ஒருவனே. ஆயினும் அவன் நடந்த வழிகள் பல, வழியிலே எதிர்ப்பட்ட அரக்கரும் பலர். அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, அதிலுள்ள அச்சத்தை அகற்றாமலே நகைச்சுவையையும் உள்ளே புகுத்திய புலவர்கள் பண்டைக் கிரேக்க நாட்டில் வாழ்ந்தனர். அவர்கள் வளர்த்த கலைக்குச் 'சாட்டிர் நாடகம்' என்று பெயர். அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தார் ஆண்டுதோறும் இளவேனிற்காலத்தில் மதுக்கடவுளாகிய டயோனிசஸுக்குப் பெருவிழா எடுத்தனர். அவ்விழாவில் மூன்று புலவர்கள் போட்டியிடுவர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களை அரங்கேற்றி, அவற்றின் முடிவில் ஒரு சாட்டிர் நாடகமும் நடத்துதல் வழக்கம். கொலையும் சாபமும் குலநாசமும் கண்டு கலங்கிய மக்கள், இறுதியில் சிரித்துவிட்டு வீடு திரும்புவர். இவ்வடிவத்தை கி.மு. 500-ஐ ஒட்டி ஏதென்ஸுக்குக் கொணர்ந்தவர் பிராட்டினஸ் என்னும் புலவர் என்பர்.

சாட்டிர்கள் யார்? மனித உடலும், குதிரையின் வாலும் காதும் உடைய காட்டுவாசிகள். மதுவென்றால் உயிரை விடுவர், ஆபத்தென்றால் ஓட்டம் பிடிப்பர். அவர்களுடைய கிழத் தந்தை சைலீனஸ். காப்பிய வீரர்கள் தமக்குரிய கம்பீரமான நடையிலேயே பேசிக்கொண்டிருக்க, அவர்களுக்கு நடுவே இக்கூட்டம் வந்து புகுந்துகொள்ளும். நகைச்சுவை பிறப்பது அங்கேதான். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 400-ஐ ஒட்டிய மட்கலம் ஒன்று உண்டு. வாலுடன் கூடிய அரைக்கச்சை அணிந்து, முகமூடியைக் கையிலே பிடித்து நிற்கும் சாட்டிர் நடிகர்களை அதில் இன்றும் காணலாம்.

இவ்வகை நாடகங்களுள் முழுமையாக எஞ்சி நிற்பது ஒன்றே. யூரிப்பிடீஸ் இயற்றிய 'சைக்ளாப்ஸ்' அது. கதை ஹோமரின் 'ஒடிசி' காவியத்தின் ஒன்பதாம் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. காவியம் பன்னீராயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. நாடகமோ 709 அடிகளே.

திரையில்லா அரங்கில் முதலில் தோன்றுகிறவன் சைலீனஸ். கையில் இரும்பு வாரி. குகையைச் சுத்தம் செய்கிறான். கடற்கொள்ளையர் கவர்ந்து சென்ற தங்கள் கடவுளைத் தேடிப் புறப்பட்ட தந்தையும் மக்களும், கப்பல் உடைந்து சிசிலித் தீவில் ஒதுங்கி, ஒற்றைக்கண் அரக்கனாகிய பாலிபீமஸுக்கு அடிமைகளாகிவிட்டனர். டிராய்ப் போரை முடித்துத் திரும்பும் ஒடிசியஸ் உணவு தேடி அங்கு வருகிறான். அவன் கொடுத்த மதுவை மாந்திய சைலீனஸ், எசமானனின் ஆட்டுக்குட்டிகளையும் பாற்கட்டிகளையும் விற்றுவிடுகிறான். அரக்கன் திரும்பி வந்ததும், "இவர்கள் திருடர்கள்" என்று பழி சுமத்துகிறான். தான் பொய் சொன்னால் தன் பிள்ளைகள் அழியட்டும் என்று ஆணையும் இடுகிறான். பிள்ளைகளோ, தாங்கள் பொய் சொன்னால் தந்தை அழியட்டும் என்று எதிராணை இட்டு உண்மையை வெளியிடுகின்றனர்!

இதுவரை சிரிப்பு. பின்னர் நிகழ்வது என்ன? அரக்கன் ஒடிசியஸின் தோழர் இருவரைக் கொன்று சமைத்து உண்கிறான். ஹோமரின் அரக்கன் பச்சையாகத் தின்னும் காட்டு விலங்கு. யூரிப்பிடீஸின் அரக்கனோ சமையற்கலை வல்லவன். ஒரு பகுதியை வேகவைக்கிறான், ஒரு பகுதியை வாட்டுகிறான். தன் வயிற்றையே தெய்வமென வாதிக்கிறான். ஒரு பெண்ணுக்காகக் கடல் கடந்து போருக்குப் போனீர்களே, வெட்கமில்லையா என்று கேட்பவனும் அவனே. மனிதரைத் தின்பவன் மனிதருக்கு நீதி புகட்டுகிறான். இது சிரிப்பதற்கு உரியதா, நாணுவதற்கு உரியதா?

ஒடிசியஸ் அரக்கனுக்கு மதுவூட்டி, கொள்ளிக்கட்டையால் அவன் கண்ணைக் குத்தத் திட்டமிடுகிறான். உதவுவதாக வீரம் பேசிய சாட்டிர்கள், சமயம் வந்ததும் பின்வாங்குகின்றனர். ஒருவருக்குத் திடீரெனக் கால் ஊனம். மற்றொருவருக்குக் கண்ணிலே தூசி. கட்டை தானே நடந்து சென்று குத்துமாறு மந்திரம் பாடுகிறோம் என்கின்றனர் அவர்கள். முடிவில் ஒடிசியஸும் எஞ்சிய தோழருமே செயலை முடிக்கின்றனர்.

நாடகம் நிகழும் இடம் சிசிலி என்பதை மறக்கலாகாது. கி.மு. 415-இல் ஏதென்ஸ் அத்தீவின் மீது பெரும்படை அனுப்பியது, கி.மு. 413-இல் அப்படை அடியோடு அழிந்தது. சிறைப்பட்டோர் ஏழாயிரத்துக்குக் குறையாதவர் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். அவர்கள் சிரக்யூஸ் நகரத்துக் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டுப் பசியாலும் நோயாலும் மடிந்தனர். யூரிப்பிடீஸின் பாடல்களை ஓதிக்காட்டிச் சிலர் விடுதலை பெற்றதாகப் புளூட்டார்க் கூறுகிறார். 'சைக்ளாப்ஸ்' கி.மு. 408-ஐ ஒட்டி அரங்கேறியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின், சிசிலியின் குகையொன்றில் அடைபட்டுச் சாவை எதிர்நோக்கும் மனிதரைக் கண்டு சிரித்தவர்களுள், அத்தீவிலே மகனையோ உடன்பிறந்தானையோ இழந்தோர் பலர் இருந்திருப்பர். அந்தச் சிரிப்பு துயரத்தை மறந்தவரின் சிரிப்பன்று. துயரத்தை நேருக்கு நேர் பார்க்கத் துணிந்தவரின் சிரிப்பு.

இந்நூல் நமக்குக் கிடைத்த வரலாறும் வியப்பானதே. பள்ளிகளில் பாடமாக ஓதப்பட்ட துன்பியல் நாடகங்கள் சில பல ஏடுகளில் பெருகின. சாட்டிர் நாடகங்களைப் படியெடுப்பார் இல்லை. ஆயினும் யூரிப்பிடீஸின் நாடகங்களை எழுத்து வரிசையில் தொகுத்த பழைய தொகுதியொன்றின் ஒரு பகுதி தற்செயலாகத் தப்பியது. அப்பகுதியில் இந்நாடகமும் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, இன்று பிளாரென்ஸ் நகரத்து லாரென்சிய நூலகத்தில் உள்ள கையெழுத்துப் படியே அதற்கு ஆதாரம். சோபோக்ளீஸின் 'தடம் தேடுவோர்' என்னும் சாட்டிர் நாடகத்தின் ஒரு பகுதி எகிப்து மணலில் புதைந்த பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்து, 1912-இல் வெளியாயிற்று. ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் தம் புகழ்பெற்ற மூன்று நாடகங்களோடு அரங்கேற்றிய 'புரோட்டியஸ்' மறைந்தே போயிற்று. அந்த மூன்று அழுகைகளும் நமக்குக் கிடைத்தன; அவற்றை முடித்த சிரிப்பு கிடைக்கவில்லை.

மாணவ நண்பர்களே! ஒரு காலத்து மக்கள் எதற்கு அழுதனர் என்பதை அறிவது வரலாற்றின் பாதி. எதைக் கண்டு அஞ்சினர், அஞ்சியும் எவ்வாறு சிரித்தனர் என்பதை அறிவது மறுபாதி. பெருங்காப்பியத்தைப் படிக்கும்போது அதன் நிழலில் நிற்கும் சிறு நூலையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வீரர் கூறாத உண்மையைச் சில வேளைகளில் அந்த வால்முளைத்த கோழைகளே கூறிவிடுகின்றனர்.